ரத்தம் நிற்காத பச்சிலை

வாத்தியாரிடம் கேளுங்கள்: ஓவியம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ஆந்திராவின் நகரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ் டிராயிங் மாஸ்டர் பதில் சொல்கிறார்.

கேள்வி: மாஸ்டருக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சத்தியவேடு பக்கம். சென்னையில் ஓவியம் படிக்கிறேன், மூன்றாம் வருஷம். 'புராணமும் செடிகளின் மாயமும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நம்ம பக்கத்துக் கதை என்று கண்ணப்ப நாயனாரை எடுத்தேன். காடு முழுக்க இலைகள் தங்கமாக மின்னுகின்றன, கண்ணப்பர் வில்லோடு நிற்கிறார், லிங்கத்துக்குப் பின்னால் ஒளி. அக்ரிலிக்கில் செய்தது. வகுப்பில் 'காலண்டர் மாதிரி இருக்கு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். போட்டோ வைத்திருக்கிறேன். எதை மாற்றட்டும்?
– ஒரு மாணவி

பதில்: காலண்டரை மட்டமாகப் பேச நான் விடமாட்டேன் கண்ணு. கோவில்பட்டி கொண்டையராஜு போட்ட முருகனையும் லட்சுமியையும் பார்த்துப் பார்த்து வரைந்துதான் என் வயதுக்காரர்களுக்குக் கை பழகியது. அந்தப் படங்களில் தாமரை தாமரையாக இருக்கும், மயில் மயிலாக இருக்கும். உன் படத்தில் அதுதான் இல்லை. போட்டோவை என் பேரன் செல்போனில் பெரிதாக்கிக் காட்டினான். இலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வில்வமா, வேம்பா, புரசா என்று ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை. தங்கத்தைப் பூசிவிட்டால் இலையை உற்றுப் பார்க்கிற வேலை மிச்சம் என்று உன் கை கண்டுபிடித்துவிட்டது. தலைப்பில் மாயம் என்று இருந்தால் மின்ன வேண்டும் என்று யார் சொன்னது?

கதையைத் திரும்பப் படி. சினிமாவில் பார்த்த கதையை விடு, சேக்கிழார் சொன்னதைப் படி. கண்ணப்பனாகும் முன் திண்ணன் என்ற பேரோடு அவன் காளத்தி மலையில் செய்கிற பூஜைக்குக் கடைச் சாமான் எதுவும் கிடையாது. வாயில் பொன்முகலித் தண்ணீர், தலைமயிரில் செருகிய பூ, இலைத் தொன்னையில் சுட்ட இறைச்சி. ஆறாம் நாள் சாமியின் வலக்கண்ணில் ரத்தம் வருகிறது. இதற்கு அடுத்தபடி எல்லாரும் நேராக அவன் அம்பால் கண்ணைத் தோண்டும் இடத்துக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் ஒன்று நடக்கிறது. எவன் செய்தான் என்று முதலில் வில்லைத் தூக்கிக்கொண்டு தேடுகிறான். ஆளும் இல்லை, மிருகமும் இல்லை. அப்புறம், அம்புக் காயத்துக்கு வேடர்கள் போடுகிற பச்சிலை ஞாபகம் வந்து மலையடிவாரத்துக்கு ஓடுகிறான். பறித்து வந்து கண்ணில் பிழிகிறான். ரத்தம் நிற்கவில்லை. 'ஊனுக்கு ஊன்' என்பது அதற்குப் பிறகுதான் அவன் நினைவுக்கு வருகிறது.

உன் படம் இங்கே இருக்கிறது. காட்டை உள்ளங்கையாக அறிந்தவன், தனக்குத் தெரிந்த நல்ல மருந்தைக் கொண்டுவருகிறான், அது பலிக்கவில்லை. கோயில் தூணிலும் சரி, காலண்டரிலும் சரி, நான் பார்த்த கண்ணப்பன் எல்லாம் லிங்கத்தின் மேல் ஒரு காலை ஊன்றி, கையில் அம்போடு நிற்கிறவன்தான். கசக்கிய தழையோடு விழிக்கிறவனை நீ போடு. பச்சைச் சாறும் ரத்தமும் கலந்து முழங்கை வரை வழியட்டும். பின்னால் ஒளி வேண்டாம். மறைந்து நின்று பார்க்கிற அர்ச்சகர் சிவகோசரியாரைத் தழைக்கு நடுவில் ஒரு கண்ணாக மட்டும் வைத்தால் போதும், முழு ஆளும் வேண்டாம்.

என்ன தழை என்று கேட்பாய். நம் பக்கத்தில் காயம் என்றால் கை முதலில் போவது வெட்டுக்காயப் பூண்டுக்கு. அதை வரைந்துவிடாதே. அது அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே மண்டிய செடி, திண்ணன் அதைப் பார்த்திருக்க வழியில்லை. செடி தெரிந்த ஒருவர் உன் படத்துக்கு முன்னால் நின்று சிரித்துவிட்டால் மீதி எதுவும் எடுபடாது.

என்னைக் கேட்டால் இம்பூறலைப் போடு. மணல் பாங்கான இடத்தில் தரையோடு படர்ந்து கிடக்கும் சின்னச் செடி. இலை ஒடுங்கியிருக்கும், பூ பொடிப்பொடியாக வெள்ளை. ரத்தம் கக்குகிறவர்களுக்குச் சித்த வைத்தியத்தில் கொடுத்த மூலிகை. 'இம்பூறல் காணாது ரத்தம் கக்கிச் செத்தானே' என்று வைத்தியர்கள் வாயில் ஒரு சொலவடையே உண்டு. இதே செடியின் வேர்தான் சாயவேர். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணிகளுக்குச் சிவப்பைக் கொடுத்தது இந்த வேர். வேர்ப்பட்டையில் அலிசரின் இருக்கிறது, அதுதான் நிறம். ரத்தத்தை நிறுத்தும் என்று நம்பிய செடி. அதன் வேரை எடுத்து, நிற்காத ரத்தத்தை வரைந்து பார். டியூபிலிருந்து பிதுக்கிய சிவப்பால் இதைச் செய்ய முடியாது.

அதனால் அக்ரிலிக்கைத் தள்ளி வைத்துவிட்டு ஒருமுறை காளஹஸ்திக்குப் போ, திண்ணனின் காளத்திதான் அது. நம்ம பிள்ளைகள் ராகு கேது பூஜைக்கு மட்டும் அந்த ஊருக்குப் போகிறார்கள், அகர்பத்தி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மூங்கில் கலத்தால் துணியில் எழுதிச் சாயம் ஏற்றுகிற கலம்காரி வேலை நலிந்து கிடந்தபோது கமலாதேவி சட்டோபாத்யாய் முயற்சியில் 1957-ல் அங்கே பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். அந்த ஊர்க் கலைஞர் ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்றும் வீட்டுத் திண்ணையில் துணியை விரித்து ராமாயணம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார விடுங்கள் என்று கேள். தெலுங்கு உனக்குத் தெரியும், அப்புறம் என்ன கூச்சம்?

அங்கே சிவப்பு எப்படி வருகிறது என்று கவனி. சிவப்பு வேண்டிய இடத்தில் சிவப்பைப் பூசுவதில்லை. படிகாரத் தண்ணீரைத் தொட்டு எழுதுகிறார்கள். காய்ந்தால் அங்கே ஒன்றும் தெரியாது. துணியை அலசி, வேர் கொதிக்கிற அண்டாவில் போட்டுக் கிளறினால், படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவந்து எழும்பி வரும். மற்ற இடத்தில் லேசாக ஒட்டிய சாயம் அலசலிலும் வெயிலிலும் போய்விடும். தங்க இலை எதற்கு, இதைவிடவா? பழைய சாயக்காரர்கள் அந்த அண்டாவில் காயா இலையும் சேர்ப்பார்கள். மண்ணிலிருந்து அலுமினியச் சத்தை உறிஞ்சி இலையில் வைத்துக்கொள்கிற மரம் அது, படிகாரத்துக்கு ஒத்தாசை. பெருமாளின் நிறத்துக்கு ஆழ்வார்கள் சொல்கிற காயாம்பூ பூப்பது அதே மரத்தில்தான். நீலம் பூக்கிற மரத்தின் இலை சிவப்புக்கு வேலை செய்கிறது. அடுத்த வருஷத் தலைப்புக்கு இதை வைத்துக்கொள்.

இன்று பலரும் சாயவேருக்குப் பதில் மஞ்சிட்டி வேரும் கடை அலிசரினும்தான் போடுகிறார்கள். வேர் தோண்டுகிற கூலிக்குக் கட்டாது. உனக்கு வேண்டியது கண்ணிலிருந்து வழிகிற ஒரு தாரைக்கு மட்டும்தானே. நாட்டு மருந்துக் கடையில் 'இம்பூறல் வேர், பொடி வேண்டாம்' என்று கேட்டு வாங்கு. மீதிச் சிவப்புக்கு மஞ்சிட்டி போதும்.

இன்னொன்று. உன் படத்தில் கண்ணப்பருக்கு ஜிம்முக்குப் போய்வந்த தோள். ஆறு நாள் தூங்காமல் காவல் காத்தவன் அப்படி இருக்கமாட்டான்.

கேள்வி: சார், நான் நகரியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். எங்க நைனா பவர்லூம் ஓட்டுகிறார். அங்கிருந்து காடாத் துணி எடுத்து, யூடியூப் பார்த்துக் கடுக்காய்ப் பாலில் நனைத்து, இரும்புத் தண்ணீரில் நாகக்கன்னி வரைந்தேன். கோடு எல்லாம் ஊறிப் பரவிவிட்டது. கறுப்பும் வரவில்லை, சாம்பல் நிறமாக இருக்கிறது. என் கைதான் சரியில்லையா?

பதில்: கையைத் திட்டாதே தம்பி, துணியைக் கேள். தறியிலிருந்து இறங்கிய துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும். கஞ்சி உள்ள துணியில் கடுக்காய் இறங்காது. வெந்நீரில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, தண்ணீர் பட்டால் உடனே உறிஞ்சுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போ. நைனாவைக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார், நீ யூடியூபைக் கேட்டிருக்கிறாய்.

கடுக்காயில் கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் இடிக்க வேண்டும். துவர்ப்பு முழுவதும் தோலில்தான். பால் எருமைப் பாலாக இருக்கட்டும், காய்ச்சாதது. கோடு பரவாமல் பிடித்து நிறுத்துவது பாலில் உள்ள கொழுப்பு. கொழுப்பு எடுத்த பாக்கெட் பாலை ஊற்றியிருந்தால் உன் நாகக்கன்னி ஊறாமல் என்ன செய்வாள்? நனைத்ததும் நன்றாகப் பிழிந்து சுள்ளென்ற வெயிலில் காயப்போடு.

கறுப்புக்கு வருவோம். துருப்பிடித்த பழைய இரும்பு, வெல்லம், தண்ணீர். பனைவெல்லமும் கொஞ்சம் சேர்ப்பார்கள். மண்பானையில் மூடி வைத்து இரண்டு மூன்று வாரம் புளிக்க விட வேண்டும். காளஹஸ்தியில் இதற்குக் காசிமி என்று பெயர். நீ மூன்றாம் நாளே வடிகட்டியிருப்பாய் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு சந்தேகமும் உண்டு: ஹார்டுவேர் கடையின் பளபள ஆணியைப் போட்டாயா? அது துத்தநாகம் பூசியது, அதிலிருந்து கறுப்பு வராது. சரியாகப் புளித்த காசிமி பானையில் வெளிறிய பழுப்பாகத்தான் இருக்கும். கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கறுக்கும். பாக்கும் சுண்ணாம்பும் தனித்தனியாக இருக்கும்வரை சிவப்பில்லை, வாயில் சேர்ந்தால்தானே சிவக்கிறது, அந்தக் கணக்குதான். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் நூலுக்குள் சேருகிற இடத்தில் கறுப்பு பிறக்கிறது. அதனால்தான் துவைத்தாலும் போவதில்லை.

மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, நுனிக்குக் கொஞ்சம் மேலே கம்பளித் துண்டையோ பஞ்சுத் துணியையோ சுற்றி நூலால் இறுக்கிக் கட்டினால் அதுதான் கலம். துணிப் பந்து மையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விரலால் அமுக்க அமுக்க இறங்கும். முதலில் புளியங்குச்சிக் கரியால் உருவத்தைப் போட்டுக்கொள். பானையை வீட்டுக்குள் வைக்காதே. அந்த நாற்றத்துக்கு உன் அம்மா என்னைத் தேடி வந்துவிடுவார்.

கேள்வி: மகன் ஆறாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்கு அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கி வருவதை வரைகிறான். மலை மேல் என்னென்ன மூலிகை வரைவது என்று கேட்கிறான். எனக்குத் துளசியைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை.
– ஒரு தாய், புத்தூர்

பதில்: வால்மீகி நாலு மூலிகை சொல்கிறார். மிருதசஞ்சீவனி உயிரைத் திருப்பித் தரும், விசல்யகரணி உடம்பில் தைத்த ஆயுதத்தை வெளியேற்றும், சுவர்ணகரணி மேனியின் நிறத்தை மீட்கும், சந்தானகரணி அறுந்ததையும் முறிந்ததையும் ஒட்டும். கம்பரில் மருத்துமலை என்றே ஒரு படலம் இருக்கிறது.

பையனுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு சங்கதி சொல்கிறேன். அனுமார் தேடிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அந்த மூலிகைகள் ஒளிந்துகொண்டன. கோபத்தில்தான் அவர் மலையைப் பெயர்த்தார். ஆகவே மலை மேல் செடிகளை வரிசையாக நட்டு வைக்கச் சொல்லாதீர்கள். ஒளிகிற செடிகளை வரையச் சொல்லுங்கள்: பாறை இடுக்கில் பாதி, வேருக்குப் பின்னால் பாதி. ஆறாம் வகுப்புப் பையனுக்கு இதைவிடக் கொண்டாட்டமான வேலை கிடையாது.

அப்புறம், புத்தூரில் இருந்துகொண்டு சந்தானகரணிக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்களே அம்மா! எலும்பு முறிந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் புத்தூர் கட்டுக்கு வந்து வரிசையில் நிற்கிறார்கள். பச்சிலைச் சாறு, முட்டை, மூங்கில் சிம்பு, துணி என்று உங்கள் ஊரே ஒரு மருத்துமலை. (எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுத்து டாக்டரையும் பாருங்கள். இது ஓவியப் பகுதி, வைத்தியப் பகுதி இல்லை.) வேலியில் பிரண்டை இருக்கும். கணுக்கணுவாக, நாலு பட்டையாக, எலும்பு கோத்த மாதிரியே வளரும். முறிந்த எலும்புக்கு வைத்தியர்கள் அதைக் கட்டியதில் ஆச்சரியமில்லை. அதை ஒரு முழம் ஒடித்து வந்து பையன் முன்னால் வையுங்கள். பார்த்து வரையட்டும்.

கேள்வி: மியூசியத்தில் பழைய கலம்காரி பார்த்தேன். மரத்தின் இலைகள் எல்லாம் நீலம். அந்தக் காலத்தில் மாய மரம் என்று காட்ட நீலம் போட்டார்களா?

பதில்: பச்சையாகத்தான் போட்டார்கள். தனிப் பச்சைச் சாயம் கிடையாது. அவுரி நீலம் ஏற்றி, அதன் மேல் மஞ்சள் பூசினால் பச்சை. மஞ்சளுக்கு ஆயுசு குறைவு, வெளிச்சத்தில் போய்விடும். அவுரி அசையாது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கும் சோழமண்டலக் கரைத் துணிகளிலும் இந்த நீல இலைகளைப் பார்க்கலாம். எழுதியவன் நினைக்காத மாயத்தை வெயில் செய்திருக்கிறது. உங்கள் படத்தில் நீல மரம் வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் 'பழைய முறை' என்று கீழே எழுதாதீர்கள்.

கேள்வி: சிவப்புக்குச் செம்மரம் போட்டால் அசல் நிறம் வரும் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் சிராய் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், திருத்தணி

பதில்: வேண்டாம். முதல் காரணம் வேலை சம்பந்தப்பட்டது: செம்மரச் சிவப்பு தண்ணீரில் சரியாகக் கரையாது, சாராயத்தில்தான் இறங்கும். அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்து ஏமாறுவாய். இரண்டாவது காரணம் சட்டம். உலகத்திலேயே அந்த மரம் இயற்கையாக வளர்வது நம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்கோடியில்தான். 'தெரிந்தவர்' கொடுத்த சிராய்க்கு நீ போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேரை ஆந்திரப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக் கூலி ஆட்கள். செடிக்கும் மரத்துக்கும் உள்ள மாயத்தைப் பற்றிப் படம் போடுகிறவர்கள் இதையும் யோசிக்கலாம். அந்த மரத்தை வைத்துப் படம் போட வேண்டுமென்றால் அதற்கு மரத்தூள் தேவைப்படாது.

கேள்வி: 'தமிழர் மரபு' என்ற போட்டிக்குக் கலம்காரி அனுப்பினேன். அது தெலுங்குக்காரர்கள் கலை என்று ஒருவர் சொல்கிறார். நாங்கள் ஆந்திராவில் இருக்கும் தமிழர்கள். அனுப்பியது தவறா?

பதில்: அவரைத் தமிழ்நாட்டில் இருக்கும் சிக்கல்நாயக்கன்பேட்டைக்கும் கருப்பூருக்கும் ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள். அங்கே கோயிலுக்குக் குழல் மாதிரித் தொங்கும் தொம்பையும் மேலே கட்டும் விதானமும் கலம்காரியில்தான் செய்கிறார்கள், கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் 2021-ல் கிடைத்துவிட்டது. கண்ணப்பனைச் சேக்கிழாரும் பாடினார், கிருஷ்ணதேவராயர் காலத்து தூர்ஜடி தெலுங்கிலும் பாடினார். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, சத்தியவேடு ஆந்திரப் பக்கம் வந்தது. அப்போது திண்ணனுக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை.

கேள்வி: பையன் ஓவியக் கல்லூரிதான் வேண்டும் என்கிறான். சோறு போடுமா?
– ஒரு தந்தை

பதில்: எனக்குப் போட்டது. பென்ஷனும் வருகிறது. அவனுக்கு அரசு வேலை கிடைக்கும் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. துணி டிசைன், அச்சு, அனிமேஷன், பள்ளி என்று வழி இருக்கிறது. அவன் வரைந்ததை முதலில் நீங்கள் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: கலம்காரித் துணியில் 'நாகவனம்' என்று வரைந்து முடித்துவிட்டேன். கண்காட்சி முடியும்வரை கெடாமல் எப்படி வைப்பது? பிரேம் போடலாமா?
– ஒரு மாணவி, சித்தூர்

பதில்: மடிக்காதே, மடித்த இடத்தில் துணி முறியும். உன் கோடெல்லாம் இரும்புக் கறுப்பு. அது வருஷக்கணக்கில் நூலை மெதுவாகத் தின்னும், மடிப்பில் இன்னும் சீக்கிரம் தின்னும். அட்டைக் குழாயில் வெள்ளைத் துணியைச் சுற்றி, அதன் மேல் படம் வெளிப்பக்கம் தெரியும்படி சுருட்டு. பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டாதே, நம்ம ஊர் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கண்காட்சியில் மேலேயும் கீழேயும் மூங்கில் குச்சி கோத்துத் தொங்கவிடு, ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். கண்ணாடி பிரேம்தான் வேண்டும் என்று கல்லூரியில் அடம்பிடித்தால், துணி கண்ணாடியில் ஒட்டாதபடி ஓரத்தில் அட்டைப் பட்டை வைத்து இடைவெளி விடச் சொல். பிரேம் கடைக்காரர் பசை தடவி அட்டையில் ஒட்டித் தருகிறேன் என்பார். பக்கத்திலேயே நின்று தடுத்துவிடு.